சுக்கானை நீங்கள் பிடியுங்கள்

கேள்வி: எனக்கு 56 வயது. பாரிஸ் புறநகரில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் கலியாணம் கட்டித் தனியாகப் போய்விட்டார்கள். உணவகச் சமையலறையில் வேலை செய்யும் என் கணவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். ஆறு மாதமாக அவருக்கு ஒரே பேச்சுத்தான். ஹாலந்தில் 1926இல் கட்டிய பழைய சரக்குப் படகு, வீடாக மாற்றியது, 24 மீட்டர் நீளம், விலைக்கு வந்திருக்கிறதாம். வீட்டை விற்று அதை வாங்கி, பிரான்ஸ், பெல்ஜியம் கால்வாய்களில் சுற்றிக்கொண்டே மிச்சக் காலத்தைக் கழிக்கலாம் என்கிறார். எனக்கு நீச்சல் தெரியாது. "கயிறு பிடிக்கிறது மட்டும்தான் உன் வேலை, மற்றதெல்லாம் நான் பார்க்கிறேன்" என்கிறார். மறுத்தால் அவருடைய ஆசையைக் கெடுத்தவள் என்ற பெயர் எனக்கு. என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: "கயிறு பிடிக்கிறது மட்டும்தான்" என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் சகோதரி, மன்னியுங்கள். மூன்று கோடைகாலம் ஒரு தோழி வீட்டுப் படகில் கயிறு பிடித்தவள் நான். அந்த வேலை என்னவென்று முதலில் சொல்கிறேன். படகை வாங்கலாமா என்பதை அப்புறம் பார்ப்போம்.

கால்வாய்ப் பயணம் என்றால் மரநிழலில் மிதந்து போவது என்று விளம்பரப் படங்கள் காட்டும். அது பாதிதான். மறுபாதி எக்ளூஸ், அதாவது பூட்டு மதகு. தண்ணீரை நிரப்பியும் வடித்தும், மேட்டிலும் பள்ளத்திலும் படகை ஏற்றி இறக்கும் கல் தொட்டி. பர்கண்டி கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள்: 242 கிலோமீட்டர், 189 மதகுகள். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஓட்டம் மட்டும் 40 மணி நேரம். மதகுக்குக் கால் மணி என்று வைத்தாலும் அதற்கு இன்னொரு 47 மணி நேரம். ஓடுகிற நேரத்தைவிட மதகில் நிற்கிற நேரம் அதிகம்! நாளைக்கு ஆறு மணி நேரம் போனால் இரண்டு வாரம் பிடிக்கும். அந்த இரண்டு வாரமும் உங்கள் கணவர் சுக்கான் சக்கரத்துக்குப் பின்னால் நிற்பார். வழுக்கும் ஏணியில் ஏறுவதும், தலைக்கு மேலே இருக்கும் இரும்புக் கட்டையில் கயிற்று வளையத்தை வீசுவதும், தவறினால் திட்டு வாங்குவதும் நீங்கள்.

மேலேறும்போது பாடு இது. இறங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். கயிற்றைக் கட்டையில் சுற்றி மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும். ஒருநாள் மழையில் நான் இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஈரக் கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறுகிவிட்டது. தண்ணீர் இறங்குகிறது, படகு இறங்கவில்லை. கயிறு 'கிர்ர்' என்று முறுகியது, படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது, உள்ளே அலமாரியிலிருந்து தட்டுகள் சரிந்து விழுகிற சத்தம். தானியங்கி மதகுகளில் சுவரோடு இரண்டு தடிகள் தொங்கும். நீலம் மதகை இயக்க, சிவப்பு அவசரத்துக்கு. சிவப்பை இழுத்தேன். எல்லாம் நின்றது. அரசு நீர்வழித் துறை ஊழியர் வேனில் வந்து மறுபடி இயக்கிவிடும் வரை, சாய்ந்த படகில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து கைக்கெட்டும் இடத்தில் ஒரு நல்ல கத்தி வைத்திருந்தோம், இறுகினால் கயிற்றை வெட்ட.

நீச்சலைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டால் அதற்கு ஓரளவு தீர்வு உண்டு, கால்வாய்களும் பெரும்பாலும் இரண்டு மீட்டர் ஆழம்தான். நான் பயப்படுவது சுவருக்கும் படகுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு. நாற்பது, ஐம்பது டன் இரும்பு அது, பிரேக் கிடையாது. காலால் தள்ளி நிறுத்தலாம் என்று ஒரு நாளும் காலை நீட்டாதீர்கள்.

இப்போது நான் சொல்ல வந்தது: சுக்கானை நீங்கள் பிடியுங்கள். கயிறு அவர் கையில் இருக்கட்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கயிற்று வேலைக்குத் தோள்பலமும் தாவும் காலும் வேண்டும். சக்கரம் பிடிக்கப் பொறுமை போதும். படகு திரும்பப் பத்து விநாடி எடுக்கும், அதுவரை சும்மா நிற்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பெரிய கல் மதகுகள் 39 மீட்டர் நீளம், 5.2 மீட்டர் அகலம். 1879இல் ஃப்ரெய்சினே என்ற அமைச்சர் கொண்டுவந்த சட்டத்தின் அளவு அது. அதற்கென்றே கட்டிய பெனிஷ் சரக்குப் படகின் அகலம் 5.05 மீட்டர். இருபுறமும் ஏழரை ஏழரை சென்டிமீட்டர். முழு வேகத்தில் நுழைய முயல்கிறவர் இடிப்பார், மெதுவாக விடுகிறவர் நுழைவார். சரக்கு ஏற்றிப் பிழைத்த மரினியே, அதாவது படகோட்டிக் குடும்பங்கள் பலவற்றில் மனைவி சக்கரத்தில் நிற்பார், கணவர் கரையில் கயிற்றோடு ஓடுவார். பிழைப்புக்காக ஓட்டியவர்கள் கண்டுகொண்ட ஏற்பாட்டை, பொழுதுபோக்குக்கு ஓட்டுகிற ஜோடிகள் தலைகீழாக்கி வைத்துக்கொண்டு மதகுக்கு மதகு சண்டை போடுகிறார்கள்.

சரி, படகுக்கு வருவோம். அவர் பார்த்து வைத்திருப்பது அநேகமாக 'லுக்ஸ மோட்டர்' வகை. 1920களிலும் 30களிலும் ஹாலந்தில் நிறையக் கட்டினார்கள். பின்புற அறை படகோட்டிக் குடும்பத்துக்கு வீடுபோல வசதியாக இருந்ததால் அந்தச் சொகுசுப் பெயர். அழகான படகுதான், நானும் மயங்கியிருக்கிறேன். ஆனால் 24 மீட்டர் வேண்டாம். பிரான்சில் 20 மீட்டர் என்பது ஒரு கோடு. அதற்குக் கீழே உள்நாட்டு நீர்வழிக்கான சாதாரண உல்லாசப் படகு உரிமம் போதும். அதைத் தாண்டினால் அந்த உரிமத்துக்கு மேலே பெரிய படகுக்கான பயிற்சி, படகுக்கும் தனியே தொழில்நுட்பச் சான்றிதழ். இன்னொரு பொறியும் உண்டு: நீளம், அகலம், தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் மூன்றையும் பெருக்கினால் 100 கனமீட்டரை எட்டக் கூடாது. எட்டினால் 20 மீட்டருக்குக் குறைந்த படகுக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டும். 19 மீட்டர் படகு என்று விற்பவர் சொன்னால் உடனே கைபேசியில் பெருக்கிப் பாருங்கள்.

அடுத்தது தகடு. ஏறக்குறைய நூறு வருடத்து இரும்பு அது, ரிவெட் அடித்துச் சேர்த்தது. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, நீங்களே பணம் கொடுத்து அமர்த்தும் ஆய்வாளர் ஒருவர் மீயொலிக் கருவியால் அங்குலம் அங்குலமாகத் தகட்டின் தடிமனை அளக்க வேண்டும். காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாக 4 மில்லிமீட்டராவது கேட்கும். அனுபவசாலிகள் சுத்தியலால் தட்டியே சொல்லிவிடுவார்கள். நல்ல தகடு மணிபோல் ஒலிக்கும், அரித்தது 'தொப்' என்னும். எனக்குத் தெரிந்த ஒருவர் உள்ளே மரவேலையைப் பார்த்து மயங்கி, தூக்கிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அடியில் எடைக்கு என்று ஊற்றியிருந்த சிமெண்டைப் பெயர்த்தபோது, சிமெண்டு மட்டும்தான் அங்கே படகாக இருந்தது. விற்பவர் காட்டும் பழைய அறிக்கையை நம்பவே நம்பாதீர்கள். ஆய்வில் தேறினால்தான் வாங்குவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் கணவர் சமையல்காரர் என்பதால் ஒன்று. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்துவிடலாம், படகில் அது அடித்தட்டில் போய்ச் சத்தமில்லாமல் தேங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே வடியும் துளை இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டை மட்டும் விற்காதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரி. குளிர்காலத்தில் பராமரிப்புக்காகக் கால்வாய்களைப் பகுதி பகுதியாக மூடிவிடுவார்கள், ஊர்ந்துகொண்டே வாழ்வது என்பது நவம்பரிலிருந்து மார்ச் வரை பெரும்பாலும் நடக்காது. கோடையிலும் உறுதி இல்லை. ஒரு பெரிய மதகு ஒருமுறை நிரம்ப ஏறத்தாழ ஐந்து லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும், அது மேலே உள்ள நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. 2022 வறட்சியில் பல இடங்களில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். மூன்று மாதம் அசையாமல் நிற்க நேர்ந்தால் நிறுத்துமிடம் வேண்டும். பாரிஸ் பக்கம் அதற்கு நீண்ட காத்திருப்பு. படகை வாங்கினால் அது நிற்கும் இடமும் சேர்ந்து வரும் என்று நினைக்காதீர்கள், அந்த அனுமதி பெரும்பாலும் பழைய உரிமையாளர் பெயரோடு முடிந்துவிடும். முகவரி இல்லாமல் இந்த நாட்டில் எந்தக் காகிதமும் நகராது என்பதை முப்பது வருடம் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வீட்டை வாடகைக்கு விடுங்கள். அந்தப் பணத்தைப் படகுக்குத் தின்னக் கொடுக்கலாம், படகு நன்றாகத் தின்னும்.

அப்படியென்றால் அவர் ஆசையை என்ன செய்வது? நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் காய்கறி வாங்கிவிட்டு ஸ்டாலின்கிராட் பக்கம் பத்து நிமிடம் நடந்தால் வில்லெத் நீர்த்தேக்கம். அங்கிருந்து சான் மார்த்தான் கால்வாய் மதகு மதகாகச் செய்ன் நதிக்கு இறங்குகிறது. ஒரு ஞாயிறு இருவரும் நின்று பாருங்கள், யார் சக்கரம் பிடிக்கிறார்கள், யார் முகம் சிவந்திருக்கிறது என்று. இன்னொரு ஞாயிறு கொன்ஃப்லான்-சாந்த்-ஓனொரின் போங்கள். செய்னும் உவாஸும் கூடும் இடம், மரினியேக்களின் ஊர். அவர்களுக்கென்று மிதக்கும் தேவாலயமே அங்கே நிற்கிறது, அதுவும் கான்கிரீட்டில் கட்டிய படகு. வயதான மரினியே யாராவது கரையில் அகப்பட்டால், அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு உங்கள் கணவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பிறகு மே மாதத்தில் ஒரு வாரம் வாடகைப் படகு. பிரான்சில் வாடகைப் படகுக்கு உரிமம் கேட்பதில்லை, கிளம்புமுன் ஒரு சிறு பாடம் எடுத்துக் கையில் தந்துவிடுவார்கள். நீவெர்னே கால்வாயில் ஒக்ஸேரிலிருந்து க்ளாம்சி வரை போய்த் திரும்புங்கள். ஒரு காலத்தில் மொர்வான் காட்டு விறகு பாரிஸ் அடுப்புகளுக்கு மிதந்து வந்த பாதை அது. அங்கே கையால் சுழற்றும் மதகுகள் உண்டு, உதவிக்கு ஆளும் இருப்பார்.

முதல் மதகுக்கு வந்ததும் நீங்கள் சக்கரத்தில் நில்லுங்கள். அவருக்குக் கையுறை ஒன்று முன்னரே வாங்கி வைத்துவிடுங்கள், தடிமனானதாக.