கேளுங்க அண்ணே: லயத்துக்குப் பின்னால என்ன இருக்கு?

கேள்வி: அண்ணே, எங்க தோட்டத்து லயத்து வீட்டு வரிசைக்குக் கீழ, தண்ணி ஓடுற கான் ஓரத்துல காலைல பெரிய கால் தடம் கெடந்துச்சு, கங்காணி புலின்றாரு, மகன் சிறுத்தைன்றான். எது சரி? கொழுந்துக்குப் போகவே பயமா இருக்கு. (ஒரு அம்மா, பொகவந்தலாவ)

பதில்: மகன் சொன்னதுதான் சரி தங்கச்சி. நம்ம இலங்கையில வரிப்புலி கெடையாது, சிங்கமும் கொடியில மட்டுந்தான். அதனால சிறுத்தைக்கு மேல ஆளே இல்ல, காட்டுக்கு அதுதான் பெரிய தொரை. ஆப்பிரிக்காவுல சிங்கத்துக்குப் பயந்து இரைய மரத்து மேல இழுத்துட்டுப் போற அதே சிறுத்தை, இங்க பெரும்பாலும் நிலத்துலயே சாவகாசமா சாப்பிடும்.

அது ஏன் நம்ம பக்கம் வருதுன்னா, முன்னாடி எல்லாமே காடுதான், வெள்ளக்காரன் கோப்பிக்கு வெட்டினான், 1869ல வந்த இலை நோயில கோப்பி அழியவும் தேயில வச்சான், இப்ப மிச்சம் கெடக்குறது ஆத்தோரமும் மலை உச்சியுமா துண்டு துண்டா காடு, அந்தத் துண்டுலருந்து இந்தத் துண்டுக்குப் போகணும்னா தேயிலைக்குள்ள நடந்தாகணும். நாம காலைல பேர் பதியிற பிரட்டுக்குப் போற அதே பாதைய ராத்திரியில அதுவும் பாவிக்குது, அவ்வளவுதான். அது தேடி வர்ற இரை காட்டுப் பன்னி, கேளையாடு, அதோட நம்ம லயத்து நாய். நாய உள்ள கட்டுங்க, விடியக்காலைல தனியா போகாதீங்க, பேசிக்கிட்டே போங்க. கண்டா மட்டும் கூட்டமா சேந்து வளைக்காதீங்க, தப்பிக்க வழி இல்லாம போறப்பதான் அது பாயும்.

உண்மையில பயப்பட வேண்டியது அதுதான், நாமல்ல. பன்னிக்கு வைக்கிற சுருக்குக் கம்பியில மாட்டுது. 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்பிடித்தான் மாட்டி, காப்பாத்தி வைத்தியத்துக்கு உடவளவைக்குக் கொண்டு போயும் சில நாள்ல செத்துப்போச்சு. கருப்புன்னா வேற சாதி இல்ல, அதே சிறுத்தைதான், வெயில்ல பாத்தா புள்ளி தெரியும். மரக்கறித் தோட்டத்துக்குக் கம்பி வைக்கிற சொந்தக்காரங்க உங்க வீட்டுலயும் இருப்பாங்க, எங்க வீட்டுலயும் இருந்தாங்க.

கேள்வி: மூக்குல கொம்பு வச்ச ஓணான் இருக்குன்னு கூட்டாளி சொல்றான், கப்ஸாவா? (தம்பி ஒருத்தர், நுவரெலியா)

பதில்: கப்ஸா இல்ல தம்பி, உங்க ஊர்க்காரந்தான். ஹக்கலை, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் பாசி புடிச்ச மரத்துல அசையாம இருப்பான், ஆணுக்கு மூக்கு நுனியில வெள்ளையா கூரா ஒரு கொம்பு, காண்டாமிருகம்தான் சின்னதாகி ஓணானா பொறந்துட்டானோன்னு தோணும். நக்கிள்ஸ் மலையில இவன் சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான், அவனுக்குக் கொம்பு இல்ல, இலை மாதிரி தட்டையான மூக்கு. இந்தக் குடும்பமே உலகத்துல இலங்கையத் தவிர வேற எங்கயும் கெடையாது. நம்ம புள்ளைங்கள பஸ் புடிச்சு தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போய் ஆப்பிரிக்கா சிங்கத்தக் காட்டுறோம், வெளிநாட்டுக்காரன் இந்த ஓணானத் திருட்டுத்தனமா கடத்திட்டுப் போய் விக்கிறான். புடிச்சு பாட்டில்ல போட்டுறாதீங்க, சட்டப்படி குத்தம்.

கேள்வி: கன்னு வளக்குற தவறணையில மண்ணு கிண்டுறப்ப முட்டைக்குள்ள குட்டித் தவளையவே பாத்தேன். தலப்பிரட்டை எங்க போச்சு? (தங்கச்சி, தலவாக்கலை)

பதில்: நல்லா பாத்திருக்கீங்க! நம்ம மலைத் தவளையில நெறைய சாதிக்கு தலப்பிரட்டையே கெடையாது. ஈர மண்ணுல, இல்லாட்டி இலையில முட்டை போடும், தலப்பிரட்டை செய்யிற வளர்ச்சி எல்லாம் முட்டைக்குள்ளேயே முடிஞ்சு, நகம் அளவுக்குக் கூட இல்லாத தவளையா வெளிய குதிக்கும். குளம் குட்டை தேவையில்ல, ஆனா மண்ணு காயக்கூடாது. பனியும் மூட்டமும் இருக்கிற நம்ம மலைக்குத்தான் அந்த வேலை சரிப்படும், காட்ட வெட்டி மண்ணு காஞ்சா முட்டை அங்கயே வத்திரும்.

கேள்வி: அட்டை கடிச்சா ரத்தம் ஏன் நிக்கவே மாட்டேங்குது? (பெயர் போடவேணாம், ஹட்டன்)

பதில்: அட்டை எச்சில்ல ரத்தத்த உறைய விடாத சாமான் இருக்கு, அது கழண்டு விழுந்த பெறகும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். கழுவி துணிய வச்சு அழுத்திப் புடிங்க. எங்கம்மா மலைக்கு எறங்க முன்னாடி காலுல சவுக்காரம் பூசுவாங்க, இடுப்புல கட்டுற படங்குக்குள்ளயும் ஒரு துண்டு சவுக்காரம் வச்சிருப்பாங்க. அப்பிடியும் சாயங்காலம் ரெண்டு மூணு அட்டை வீட்டுக்கு வந்து சேந்துரும்.