அண்டி ஆபீஸுக்குக் கைரேகைப் பூட்டு சரிவருமா?

கேள்வி: கருங்கல் பக்கம் சின்னதாக ஓர் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை, நடத்துகிறேன். நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். பருப்பு வைக்கும் கிட்டங்கிக்கு நான்கு சாவி. வேலையை விட்டுப் போன சூப்பர்வைசர் ஒன்றைத் திருப்பித் தரவில்லை. ஒரே வருடத்தில் இரண்டு தடவை பூட்டு மாற்றியாகிவிட்டது. கைரேகைப் பூட்டு வைத்தால் சாவித் தொல்லையே இருக்காது என்று ஒருவர் மூன்று கதவுக்கு 68,000 ரூபாய் கொட்டேஷன் தந்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: சாவியை ஒழிப்பது நல்ல யோசனைதான். கைரேகை மட்டும் வேண்டாம்.

உங்கள் ஆட்களின் கையைப் பாருங்கள். சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ பூசிக்கொண்டாலும் அண்டி உடைக்கிறவர்களின் விரலை முந்திரி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் அரிக்காமல் விடாது. மார்த்தாண்டம் பக்கம் ஓர் ஆலையில் காலை நேரத்தில் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஓர் அக்கா பெருவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைக்கிறார். மெஷின் ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கைக் காட்டுகிறது. பின்னால் வரிசை நீள்கிறது. கடைசியில் கணக்கர் ஓடி வந்து தன் விரலை வைத்துத் திறந்துவிட்டார். பதிவைப் பார்த்தால் அன்று உள்ளே போனவர் அவர் ஒருவர்தான்!

உங்கள் தேவை ஒன்றுதான்: ஆள் போன அன்றைக்கே அவர் திறக்கும் உரிமையும் போய்விட வேண்டும். அதற்குக் கார்டைக் காட்டித் திறக்கும் பூட்டு போதும். ஒருவர் விலகினால் அவர் கார்டை மட்டும் நீக்கிவிடலாம், பூட்டை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கார்டிலும் ஏமாற்று உண்டு. கார்டு எந்த ரேடியோ அலைவரிசையில் பேசுகிறது என்று கேளுங்கள். 125 கிலோஹெர்ட்ஸ் கார்டுகளைச் சாவி நகலெடுப்பதுபோல் சுலபமாகப் படியெடுத்துவிடலாம். 13.56 மெகாஹெர்ட்ஸிலும் மைஃபேர் கிளாசிக் என்ற பழைய வகைக் கார்டின் பாதுகாப்பு 2008-லேயே உடைபட்டுவிட்டது. அதைவிடப் பாதுகாப்பான டெஸ்ஃபயர் வகைக் கார்டைக் கேளுங்கள். கார்டைக் கூட்டாளிக்கு இரவல் கொடுப்பதும் நடக்கும் என்பதால் கிட்டங்கிக்குக் கார்டோடு ரகசிய எண்ணும் சேர்த்து வையுங்கள்.

அப்புறம், மூன்று கதவு எதற்கு? கிட்டங்கியும் அலுவலக அறையும் போதும். உடைக்கிற கூடத்தில் இதெல்லாம் வேண்டாம். எண்ணெய் ஊறிய ஓடு தீப்பிடித்தால் மளமளவென்று பரவும். அங்கே நாற்பது பேரும் யோசிக்காமல் தள்ளிக்கொண்டு வெளியே ஓடும்படி கதவு இருக்க வேண்டும். கிட்டங்கிக்குள் நிற்பவருக்கும் கார்டு இல்லாமல் கைப்பிடியைத் திருகியே வெளியே வர வழி வேண்டும்.

நம் ஊரில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. கரண்ட் போவதைச் சொல்லவே வேண்டாம். காந்தப் பூட்டு என்றால் கரண்ட் நின்றதும் தானே திறந்துகொள்ளும். பேட்டரி வைத்தாலும் அது தீரும்வரைதான். எனவே கிட்டங்கிக்கு, மின்சாரம் போனாலும் வெளியிலிருந்து பூட்டியே இருக்கும் வகையை வாங்குங்கள். வெளியில் மாட்டும் ரீடருக்கு (கார்டைப் படிக்கும் கருவி) தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 தரம் இருக்கிறதா பாருங்கள். கடற்காற்று படும் இடமென்றால் உலோக பாகங்கள் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருப்பது நல்லது, 304 ரகம் சீக்கிரம் துருப்புள்ளி வைக்கும்.

நுகர்வோர் சட்டத்தை நம்பி அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். 2019 சட்டப்படி வணிகத்துக்காக வாங்குகிறவர் 'நுகர்வோர்' ஆகமாட்டார். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்த மட்டுமே வாங்குகிறவருக்கு விலக்கு உண்டு. நாற்பது பேர் வைத்திருக்கும் நீங்கள் அதற்குள் வருவது கஷ்டம். பூட்டு கெட்டு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு முதலில் இதைத்தான் எடுக்கும். அதனால் வாரண்டி எத்தனை வருடம், ரிப்பேருக்கு எத்தனை மணி நேரத்தில் வருவார்கள் என்பதை பில்லிலோ ஒப்பந்தத்திலோ எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

இன்னொன்று. பூட்டு மாட்டுகிறவர் நிர்வாகி பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கார்டை நீக்கவும் தனியாகக் காசு கேட்பதைப் பார்த்திருக்கிறேன். சாவி சூப்பர்வைசரிடமிருந்து அவர் கைக்கு மாறியதுதான் மிச்சம். பாஸ்வேர்டை உங்கள் கையாலேயே மாற்றி, ஒரு கார்டைச் சேர்த்து நீக்கியும் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.