ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள்: மீன் தொட்டி கேள்வி பதில்

அண்ணா, ரெண்டடி தொட்டியில் அஞ்சு கோல்ட்ஃபிஷ் விட்டேன். ஞாயிறுதோறும் தண்ணீரை முழுசா மாத்தி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவி வைக்கிறேன். அப்படியும் மூன்று செத்துவிட்டன. என்ன தப்பு?

தம்பி, நீங்கள் சோம்பேறித்தனம் பண்ணியிருந்தால்கூட மீன் பிழைத்திருக்கும். அந்தக் கழுவல்தான் காரணம்.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுதான் வரும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும்போதே அது மீனைக் கொல்லும். ஃபில்டருக்குள் குடியேறும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் ஓரளவு வரை மீனைத் தொந்தரவு செய்யாது, தண்ணீர் மாற்றும்போது வெளியேறிவிடும். ஸ்பாஞ்சில் பழுப்பாக வழவழவென்று ஒட்டியிருக்கிறதே, அழுக்கோடு அழுக்காக அந்தப் பாக்டீரியாவும் அதில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும். வாராவாரம் உங்கள் தொட்டி புதுத் தொட்டியாகிவிடுகிறது.

நானும் ஆரம்பத்தில் இதையே செய்தேன். காலையில் ஸ்பாஞ்சைக் கழுவி வைத்தேன். மூன்றாம் நாள் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தபடி நின்றன, செவுள் ரத்தச் சிவப்பு. அந்தக் காட்சி இன்னும் மறக்கவில்லை.

இனி இப்படிச் செய்யுங்கள். வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மட்டும் ஒரு பக்கெட்டில் எடுங்கள். ஸ்பாஞ்சில் தண்ணீர் சரியாக ஓடாதபோது மட்டும், அந்தப் பக்கெட்டுத் தண்ணீரிலேயே ரெண்டு மூன்று முறை பிழிந்து திரும்ப மாட்டுங்கள். ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கட்டும். இன்னொன்று, ரெண்டடி தொட்டி என்றால் ஐம்பது லிட்டர் சொச்சம்தான். கோல்ட்ஃபிஷ் நிறையக் கழிவு போடும் மீன். அஞ்சு அதில் தாங்காது. மிஞ்சிய ரெண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவையும் வளர்ந்தால் பெரிய தொட்டி வேண்டும்.

புதுத் தொட்டி வைத்து எத்தனை நாள் கழித்து மீன் விடலாம்? கடையில் மறுநாளே விடலாம் என்றார்கள்.

பாக்டீரியா பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நம் ஊர் வெயிலில் சில சமயம் கொஞ்சம் சீக்கிரமே ஆகும். சும்மா தண்ணீரை ஓடவிட்டால் போதாது, அதற்குச் சாப்பாடு வேண்டும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். சோதனைக் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் ஏறி, பிறகு பூஜ்ஜியத்துக்கு இறங்கியதும் விடலாம், முதலில் ரெண்டு மூன்று மட்டும். குறுக்கு வழி ஒன்று உண்டு. நோய் இல்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் பாதியைக் கேட்டு வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் செருகுங்கள். இதைவிட நல்ல பரிசு மீன்காரருக்குக் கிடையாது.

ஸ்பாஞ்ச் ஃபில்டரா, பக்கவாட்டில் தொங்கவிடும் ஃபில்டரா, தொட்டிக்கு வெளியே மூடிய டப்பா மாதிரி நிற்கும் கேனிஸ்டரா? விலை அதிகம் என்றால் நல்லதுதானே?

அப்படி இல்லை. கப்பி, மோலி, ஃபைட்டர் மாதிரி சின்ன மீன்களுக்கு ஏர் பம்ப்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். குஞ்சுகளை உறிஞ்சாது, காற்றும் கிடைக்கும். கோல்ட்ஃபிஷ், ஆஸ்கர் போல அழுக்குப் போடும் மீன்களுக்குத்தான் தொங்கும் ஃபில்டரோ கேனிஸ்டரோ. தொட்டித் தண்ணீரைப் போல நான்கைந்து மடங்கு ஒரு மணி நேரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். பாக்டீரியா குடியேற உள்ளே பீங்கான் ரிங் நிறையப் போடுங்கள். ஃபில்டரோடு வரும் கார்பன் பையை மாதாமாதம் மாற்றச் சொல்வார்கள். மருந்து போட்ட பிறகு அதை வெளியே இழுக்க கார்பன் உதவும், மற்றபடி அவசியமில்லை.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், உப்பு அதிகம். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா?

முழுக்க ஆர்.ஓ. ஊற்றாதீர்கள் அம்மா. அதில் தாது உப்பு அநேகமாக இருக்காது, பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) திடீரென்று சரியும். உப்புக் கூடிய தண்ணீரில் மோலியும் கப்பியும் சந்தோஷமாக வாழும், அவற்றையே வளர்க்கலாம். மென்மையான தண்ணீர் கேட்கும் மீன் வேண்டுமென்றால் ரெண்டையும் கலந்து, எப்போதும் ஒரே அளவில் ஊற்றுங்கள். ஒன்றைக் கவனியுங்கள். பி.எச். 7-இல் இருப்பதைவிட 8-இல், அதே அளவு அம்மோனியாவில் விஷமான பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு கூடும். அதனால் பி.எச். கூடிய போர் தண்ணீர்க்காரர்கள் தீனியில் கை அடக்கம் காட்ட வேண்டும். ரெண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் போட வேண்டும்.

குழாய்த் தண்ணீரை என்ன செய்வது?

திறந்த பக்கெட்டில் ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப் ட்யூப்பின் நுனியில் மாட்டும், குமிழி விடும் கல்) போட்டு ஒரு நாள் வையுங்கள், குளோரின் போய்விடும். அவசரம் என்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தை, புட்டியில் எழுதிய அளவில் கலந்து ஊற்றுங்கள்.

கரண்ட் போனால் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம் சார்?

முதலில் தீனியை நிறுத்துங்கள். பவர் பேங்கில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் சொம்பில் தொட்டித் தண்ணீரை எடுத்து, அரை அடி உயரத்தில் இருந்து மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, அதனால் சித்திரை வெயிலில் கூட்டமான தொட்டி சீக்கிரம் மூச்சுத் திணறும். கேனிஸ்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், கரண்ட் வந்ததும் அப்படியே ஆன் செய்துவிடாதீர்கள். உள்ளே அடைபட்ட தண்ணீர் நாறிப்போயிருக்கும், அதைக் கொட்டிவிட்டு, ரிங்குகளைத் தொட்டித் தண்ணீரில் லேசாக அலசி ஓடவிடுங்கள். அப்புறம், ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்திருந்தால் ட்யூப்பில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் தண்ணீர் ட்யூப் வழியாகப் பம்ப்புக்குள் இறங்கிவிடும்.

தண்ணீர் பச்சையாகிவிட்டது. ஃபில்டர் கெட்டுவிட்டதா?

இல்லை. ஜன்னல் வெயிலும் அதிக லைட்டும்தான். தொட்டியை நகர்த்துங்கள், லைட்டை ஆறு மணி நேரத்துக்குக் குறையுங்கள், தீனியையும் குறையுங்கள்.

பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துத் தீனி போடச் சொல்லலாமா?

வேண்டாம். வளர்ந்த மீன் நான்கு நாள் பட்டினி தாங்கும். பாசத்தில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுவிட்டால்தான் ஆபத்து. கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்பு கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். கிளம்பும்போது வீட்டு மெயினை அணைக்கும் பழக்கம் இருந்தால், இந்த முறை அணைக்காதீர்கள், ஃபில்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.