மன்னித்த பிறகும் நம்ப முடியவில்லையே?

கேள்வி: என் கணவர் ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து, எனக்குத் தெரியாமல் என் நகைகளை அடகு வைத்துவிட்டார். அவை வங்கி லாக்கரில் இருப்பதாகவே நீண்ட காலம் சொல்லிவந்தார். ஏல அறிவிப்பு வீட்டுக்கு வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. அழுது மன்னிப்புக் கேட்டார், நானும் மன்னித்தேன். ஆனாலும் அவர் கைபேசியை எடுத்தாலே நெஞ்சு படபடக்கிறது. இரவில் அதை ஒளிவாகச் சோதிக்கிறேன். அவர் அருகில் வந்தால் ஒதுங்கிப்போகிறேன். "கர்த்தரே மன்னித்துவிட்டார், உனக்கென்ன?" என்கிறார். என் மன்னிப்பு பொய்யா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: இல்லை, சகோதரி. நீங்கள் மன்னித்தது உண்மை. நம்ப முடியாமல் தவிப்பதும் உண்மை. நகைகள் உங்கள் இழப்பில் சிறு பகுதியே. நீங்கள் வாழ்ந்துவருவதாக நினைத்த குடும்ப வாழ்க்கையும் உண்மையில் நடந்துகொண்டிருந்த வாழ்க்கையும் வேறு வேறு என்பதை ஒரே நாளில் அறிந்துகொண்டீர்கள். அந்தக் காலத்தில் அவர் சிரித்துப் பேசியதிலும் உங்களோடு முழங்கால்படியிட்டு ஜெபித்ததிலும் எவ்வளவு மெய் இருந்தது என்ற கேள்வி, கடந்துபோன ஒவ்வொரு நாளின் மேலும் இப்போது விழுகிறது.

ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தில், விலக்கப்பட்ட கனியைப் புசித்த ஆதாமுக்கும் ஏவாளுக்கும் தேவன் இன்னும் எந்தத் தண்டனையையும் அறிவிக்கவில்லை. அதற்கு முன்பே அவர்கள் அத்தியிலைகளைத் தைத்து உடுத்திக்கொண்டு, விருட்சங்களுக்குள்ளே ஒளிந்துகொள்கிறார்கள். "என் எலும்பில் எலும்பும், என் மாம்சத்தில் மாம்சமும்" என்று மனைவியைக் கண்டு மகிழ்ந்த ஆதாமே, கேள்வி எழுந்தவுடன் "தேவரீர் தந்த ஸ்திரீயானவள்" என்று அவள்மேலும் தேவன்மேலும் பழியைப் போடுகிறான். பாவம் உறவில் முதலில் தொடுவது இந்த இடத்தைத்தான்: அச்சமின்றி ஒருவர் முன் ஒருவர் நிற்கும் நிலை போய்விடுகிறது. உங்கள் கணவரின் "உனக்கென்ன?" என்ற சொல்லிலும் ஆதாமின் அந்தப் பதில் கேட்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன், அவர் உண்டாக்கிய காயத்தை அது உங்கள் குற்றமாக்குகிறது.

மன்னிப்பும் நம்பிக்கையும் வேறு வேறு என்பதை யோசேப்பின் வரலாற்றைப்போல் தெளிவாகக் காட்டும் பகுதி வேதத்தில் அரிது. 17 வயதில், தன் சகோதரராலேயே 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்ட அவன், ஏறக்குறைய 22 ஆண்டுகளுக்குப் பிறகு, எகிப்தின் அதிபதியாக, தானியம் வாங்க வந்த அவர்களைக் கண்டபோது பழிவாங்கவில்லை. அவர்கள் கொண்டுவந்த பணத்தைச் சாக்குகளிலே திரும்ப வைத்துத் தானியமும் கொடுத்து அனுப்பினான். ஆனாலும் தன்னை உடனே வெளிப்படுத்தவில்லை. தன்னைக் கைவிட்டதுபோல் தன் தம்பி பென்யமீனையும் கைவிடுவார்களோ என்பதை அவன் அறியவேண்டியிருந்தது. யோசேப்பை விற்றுவிடலாம் என்று அன்று யோசனை சொன்ன சகோதரன் யூதாவே, பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி மன்றாடியபோதுதான், யோசேப்பு அடக்கமாட்டாமல் அழுது "நான் யோசேப்பு" என்றான். அவன் காத்திருந்ததை வேதம் எங்கும் மன்னியாமை என்று கண்டிக்கவில்லை. இதைவிட வேதனையானது பின்னால் வருகிறது: எகிப்தில் 17 ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்து, தந்தை யாக்கோபு இறந்தவுடன், யோசேப்பு இனிப் பழிவாங்குவான் என்று அதே சகோதரர்கள் நடுங்குகிறார்கள். துரோகம் செய்தவர்களாலும் மன்னிப்பை நம்ப முடியவில்லை. அதைக் கேட்டு யோசேப்பு அழுகிறான்.

ஆகவே உங்கள் கணவர் உங்களை அவசரப்படுத்தாமல், யூதாவைப்போல் தம்மை விளங்கப்பண்ண வேண்டும். ஒருவன் தன்னிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருளைக் குறித்துப் பொய் சொன்னால், முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி உரியவரிடம் கொடுத்த பின்பே பலி செலுத்தவேண்டும் என்கிறது லேவியராகமம் 6-ஆம் அதிகாரம். கடன்கள் அனைத்தையும் அவரே எழுதித் தரட்டும். வங்கிக் கணக்குகளை நீங்கள் கேட்பதற்கு முன் அவரே திறந்து காட்டட்டும். நகைகளை மீட்பதை முதற்கடமையாகக் கொள்ளட்டும். விட நினைத்தும் விடமுடியவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் செல்லவேண்டும், அது விசுவாசக் குறைவு ஆகாது. தாம்பத்திய நெருக்கத்தைப் பொறுத்தவரை, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் மறுக்கவேண்டாம் என்று சொல்லும் 1 கொரிந்தியர் 7-ஐக் காட்டி உங்களை வற்புறுத்த யாருக்கும் உரிமையில்லை. அதே அதிகாரம் இருவரின் சம்மதத்தையும் பேசுகிறது. இரவில் அவர் கைபேசியை ஒளிவாகச் சோதிப்பதை மட்டும் மெல்ல மெல்ல நிறுத்த முயலுங்கள், ஏனெனில் அதுவும் மறைவில் நடக்கும் வாழ்க்கையாகிவிடும். பயம் எழும்போது அவரிடமே நேராகக் கேளுங்கள், எரிச்சலின்றிப் பதில் சொல்வது அவருடைய மனந்திரும்புதலுக்கேற்ற கனிகளில் ஒன்று.

கேள்வி: மனைவிக்குத் தெரியாமல் செய்த ஒரு துரோகத்தைத் தேவனிடம் அறிக்கையிட்டு விட்டுவிட்டேன். அவளிடமும் சொல்லவேண்டுமா?

பதில்: சொல்லவேண்டும் என்றே நான் நம்புகிறேன். பலிபீடத்தருகே வந்தபோது சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகும்படி இயேசு சொன்னார். அவர் மறுபடி தேவனிடம் வரச் சொன்னது அதற்குப் பின்புதான். ஆனால் உங்கள் மனப்பாரத்தை இறக்கிவைப்பதற்காக மட்டும் சொல்லாதீர்கள். சொன்ன மாத்திரத்தில் அந்தப் பாரம் உங்கள் மனைவிமேல் ஏறும். அவர் கோபப்படவும், மௌனமாக இருக்கவும், கேட்டதையே பலமுறை கேட்கவும் இடங்கொடுக்க ஆயத்தமாகுங்கள். முதிர்ந்த போதகர் ஒருவரோடு முன்னதாகப் பேசி, யாரும் குறுக்கிடாத நேரத்தைத் தேர்ந்துகொண்டு, எதையும் குறைக்காமல் ஒரே தடவையில் சொல்லுங்கள்.