திருகோணமலைக் கரையால் நடப்பது: கேட்டவைக்குப் பதில்கள்

உப்புவெளியிலிருந்து நிலாவெளிவரை கரையால் நடந்தேன் என்று இரண்டு படம் போட்டதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. பல வருடமாக இந்த மணலில் நடப்பவள் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

கொழும்பிலிருந்து ஒரு தம்பி: அக்கா, மூன்று நாள் லீவு இருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம்?

முதல் நாள் ஊருக்குள்ளேயே நில்லுங்கள். விடிய டச்சுக்குடாவில் சூரியன் வருவதைப் பார்த்துவிட்டு, பிரட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுங்கள். வழியில் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் நிற்கும். பிஸ்கட் கொடுக்காதீர்கள், கடைசியில் அதன் பையையும் சேர்த்துத் தின்றுவிடும். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள் இந்தக் கோட்டைச் சுவருக்குள் இருக்கின்றன. அதை நினைத்துக்கொண்டு நடந்தால் அந்தக் குறுகிய ஏற்றம் வேறு மாதிரித் தெரியும். மேலே இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவுப் பக்கம் நின்று கடலைப் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் அதிர்ஷ்டம் இருந்தால் திமிங்கிலம் நீர் பீச்சுவது தெரியும். எனக்கு இரண்டு தடவை கிடைத்திருக்கிறது, போனது எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

இரண்டாம் நாள்தான் உண்மையான நடை. உப்புவெளியிலிருந்து நிலாவெளிவரை ஏறத்தாழ 10 கிலோமீற்றர். காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். வடக்கே போகையில் வெயில் வலது கன்னத்தில் அடிக்கும், எட்டு மணிக்கு மேல் அது விளையாட்டில்லை. கரைவலை இழுக்கும் இடங்களில் கயிற்றைத் தாண்டிக் கடக்காமல், பின்னால் வாடிப் (மீனவர் குடிசை) பக்கமாகச் சுற்றிப் போங்கள். மணலில் செத்ததுபோல் கிடக்கும் கயிறு, அங்கே இருபது பேர் ஒன்றாக இழுத்ததும் முழங்கால் உயரத்துக்கு எழும். சாம்பல்தீவில் களப்பு (கடலோடு சேரும் நீர்ப்பரப்பு) குறுக்கிடும். அங்கே கரையை விட்டு வீதிக்கு ஏறிப் பாலத்தால் கடந்து, திரும்பக் கடலுக்கு இறங்குங்கள்.

மூன்றாம் நாள் நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவு. இல்லையென்றால் இறக்கக்கண்டிப் பாலம் தாண்டிக் கும்புறுப்பிட்டிப் பக்கம். கால் களைத்தால் புல்மோட்டை வீதியில் ஏறி நின்று பஸ்ஸை மறியுங்கள்.

களப்பை ஏன் நடந்தே கடக்கக்கூடாது? படத்தில் மணல்தானே தெரிகிறது?

கோடையில் சில முகத்துவாரங்கள் மண்மூடிக் கிடக்கும், உண்மைதான். ஆனால் திறந்திருக்கும்போது மேலே அசைவில்லாமல் தெரியும் தண்ணீர் அடியில் இழுக்கும், விளிம்பு மணலும் கரைந்துகொண்டே இருக்கும். ஒருதடவை ‘முழங்கால் அளவுதானே’ என்று இறங்கி, நாலாவது அடியில் இடுப்பளவு போய், கைப்பேசியைப் பறிகொடுத்தேன். கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஐயா, “பாலம் பின்ன என்னத்துக்குப் பிள்ளை கட்டினது?” என்று கேட்டார். பதில் இல்லை என்னிடம்.

எந்த மாதம் நல்லது?

மே முதல் செப்டெம்பர் வரை கடல் அடங்கியிருக்கும். அந்த மாதங்களில் கச்சான் வீசும் (வறுத்த கச்சான் இல்லை, தென்மேற்குக் காற்று). மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, எங்களிடம் சூடாக வந்து சேரும் காற்று அது. பின்னேரம் மணலை அள்ளி முகத்தில் எறியும். வடக்கே நடந்தால் முதுகில் தள்ளும், ஆகவே நடையை எப்போதும் தெற்கிலிருந்து தொடங்குங்கள். நவம்பர், டிசம்பர் வாடையில் வராதீர்கள். கடல் கரையைத் தின்றுவிடும், நடக்கத் திடல் இராது.

லண்டனிலிருந்து ஒரு அண்ணா: இங்கே வேல்ஸில் பெம்புரோக்‌ஷயர் கரைப்பாதையில் நடந்தோம். அதுபோல அடையாளம் போட்ட பாதை உண்டா?

இல்லை அண்ணா. அந்தக் கரை 1952இலேயே தேசியப் பூங்கா. 1970இல் திறந்த பாதை 186 மைல் நீளம், ஓக் கொட்டை அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். அங்கே செங்குத்துப் பாறை விளிம்பில் ஏறி இறங்குவதுதான் கஷ்டம். இங்கே ஏற்றமே இல்லை, மணல்தான் சோதிக்கும். பாதைக்குப் பதிலாக ஈர மணலை நம்ப வேண்டும். எங்கள் கடலில் வற்றும் பெருக்கும் பெரிதாக மாறாது, ஆகவே உங்கள் ஊர்போல நேர அட்டவணை பார்க்கத் தேவையில்லை. கடற்படை வேலி வந்தால் திரும்பிவிடுங்கள், படமும் எடுக்காதீர்கள்.

சப்பாத்தா, செருப்பா?

ஈர மணலில் வெறுங்கால். ஆனால் கரை சரிவானது. வடக்கே போகையில் கடல்பக்க வலது கால் எந்நேரமும் தாழ்ந்தே மிதிக்கும், 5 கிலோமீற்றரில் இடது முழங்கால் முறைப்பாடு சொல்லும். அரைமணிக்கு ஒருதடவை மேல்திட்டில் ஏறி நூறு அடி நடந்து சமப்படுத்துங்கள். திட்டில் முள்ளும் போத்தல் ஓடும் கிடக்கும், அதற்குச் செருப்பு பையில் இருக்கட்டும்.

புறாத்தீவில் சுற்றி நடக்க விடுவார்களா?

2003இலிருந்து தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின் ரிக்கற் வேண்டும். நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவு படகில். அங்கே இருக்கும் இரண்டு தீவுகளில் பெரியதைச் சுற்றி நடக்க அரைமணிகூட ஆகாது. ஆனால் கரையில் கிடப்பது மணல் பாதி, உடைந்த முருகைக்கல் (பவளப்பாறை) பாதி, இங்கே வெறுங்கால் சரிவராது. ஒரு துண்டு முருகைக்கல்கூடப் பையில் வரக்கூடாது. தண்ணீருக்குள் உயிரோடிருக்கும் முருகையின் மேல் ஏறி நின்று செல்பி எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு இரத்தம் கொதிக்கும். ஆழமில்லாத இடத்தில் சின்னச் சுறாக்கள் சுற்றும், அவை உங்களைப் பார்த்துத்தான் ஓடும்.

நாங்கள் மூன்று ஆசிரியைகள், கிளிநொச்சி. தனியே நடக்கலாமா அக்கா?

பகலில் தாராளமாக. நானும் அப்படித்தான் நடக்கிறேன். தங்குமிடத்தில் எப்போது எங்கே போய்ச் சேருவீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், இருட்டுமுன் வீதிக்கு ஏறிவிடுங்கள். இருட்டில் நடக்காததற்கு இன்னொரு காரணம், ஆமைகள் முட்டையிட ஏறும் கரை இது. டோர்ச் வெளிச்சம் பட்டால் திரும்பிப் போய்விடும்.

நடந்து முடித்த காலுக்கு என்ன வைத்தியம்?

கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஊரிலிருந்து 8 கிலோமீற்றர் அளவு, ஆட்டோ பிடிக்கலாம். இறங்கிக் குளிக்க முடியாது, வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு, மிதமானதைத் தொட்டுப் பார்த்துத் தொடங்குங்கள்.