வேதியியலைக் கரிமம், கனிமம் என்று பிரித்துப் படித்தாலும் ஆராய்ச்சியில் ஏன் சேர்ந்து வேலை செய்கிறார்கள்?
எம்.எஸ்சி.யில் தனித்தனிப் பிரிவாகப் படித்தவர்கள் பல்கலைக்கழக ஆய்வில் மட்டும் ஏன் ஒன்றுசேர்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பிரச்சினைகள் பாடவாரியாக வருவதில்லை என்பதுதான் காரணம்.

மதுரைப் பக்கம் சாயத் தொட்டியிலிருந்து வெளியேறும் நீரையே எடுத்துக்கொள்ளுங்கள். துணிக்கு நிறமேற்றப் பயன்படும் அசோ சாயத்துக்கு நிறம் தருவது இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பு. அது எப்படி உடையும் என்று கரிம வேதியியலாளர் சொல்வார். ஒளியை உறிஞ்சி அதை உடைக்க உதவும் வினையூக்கியான டைட்டானியம் டை ஆக்சைடைத் தயாரிப்பது கனிமக்காரர் வேலை. சிக்கல் இங்கேதான்: அதன் அனடேஸ் என்ற படிக வடிவத்தின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானைக் கிளப்ப ஒளிக்குத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதனால் புற ஊதாக் கதிரைத்தான் உறிஞ்சும். மதுரை வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் அதில் புற ஊதா சில சதவீதம்தான். டைட்டானியம் டை ஆக்சைடில் நைட்ரஜனைக் கலந்தால் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வினை நடக்குமா, எவ்வளவு வேகமாக என்று இயற்பிய வேதியியலாளர் அளக்க வேண்டும்.

அப்புறம், நிறம் போனால் நஞ்சும் போய்விட்டதாக அர்த்தமில்லை. அசோ பிணைப்பு ஒடுக்கமடைந்தால், அதாவது எலக்ட்ரான்களை ஏற்று உடைந்தால், பென்சீன் போன்ற வளையம் கொண்ட நைட்ரஜன் சேர்மங்களான அரோமாட்டிக் அமீன்கள் உருவாகும். அவற்றில் சில புற்றுநோய் தருபவை. தெளிந்த நீரிலும் அவற்றைத் தேடிப் பிடிப்பவர் பகுப்பாய்வு வேதியியலாளர். அவரை முதல் நாளே குழுவில் சேர்க்க வேண்டும். கடைசியில் மாதிரியை அனுப்பி அறிக்கை வாங்குவதைக் கூட்டாய்வு என்று நான் சொல்லமாட்டேன்.

மதுரை மாணவர்களுக்கு இன்னொரு வசதி, காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். சாயத்தை மின்சாரத்தால் சிதைக்கும் வழியை யோசிப்பவர்கள் அங்கே நடக்கும் ஆய்வுகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.