இடது ஹெட்லைட் மங்கல்: எர்த்தைப் பாருங்க சார்

உங்க 78 அம்பாசடர்ல வலது லைட் பளிச்னு இருக்கு, இடது மட்டும் மஞ்சளா மங்குது, டிம்ல போட்டாலே பிரைட் போட்டா மட்டும் எரிய வேண்டிய டேஷ்போர்டு நீல விளக்கும் லேசா எரியுதுன்னு எழுதியிருக்கீங்க. பல்பு மாத்தினதுல பணம்தான் வீண். அந்த நீல விளக்குதான் துப்பு.

இடது லைட்டோட எர்த், அதாவது கரண்ட் பாடி வழியா பேட்டரிக்குத் திரும்புற இணைப்பு, போயிருக்கு. டிம் இழைக்கு வந்த கரண்ட் திரும்ப வழியில்லாம, அதே பல்போட பிரைட் இழை வழியா ஏறி, நீல விளக்கையும் வலது பல்போட பிரைட் இழையையும் பிடிச்சு எர்த்துக்குப் போகுது.

டிம் போட்டபடியே, கனெக்டரைக் கழட்டாம, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வைங்க. சிவப்பு முனை லைட்டோட கறுப்பு வயர்ல, கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ்ல. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் கோளாறுதான். கனெக்டரைக் கழட்டிப் பார்த்தா லோடு இல்லாம சரியாத்தான் காட்டும், ஏமாந்துடாதீங்க.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, கறுப்பு வயர் பாடியில முடுக்கின இடத்தைத் தேடுங்க. பெயின்ட்டுக்கு மேலயே முடுக்கியிருப்பாங்க. நம்ம கடல் காத்துல பச்சை பூத்திருக்கும். உப்புத்தாளால வெள்ளைத் தகடு தெரியத் தேய்ச்சு, புது ரிங் டெர்மினல், நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, மேல வாசலின் தடவுங்க. அங்கேர்ந்து 2.5 சதுர மி.மீ. வயர் ஒண்ணு நேரா பேட்டரி நெகட்டிவுக்கும் இழுத்துடுங்க.

இடது சரியான அப்புறம் ரெண்டு லைட்டும் ஒண்ணா மங்கலா தெரிஞ்சா, சப்ளை பக்கம் வோல்ட் குறையுது. 2 வோல்ட் போனாலே வெளிச்சம் பாதியாயிடும். சென்னை ஜி.பி. ரோட்டு வண்டி சாமான் கடைகள்ல 12 வோல்ட் ரிலே (ஸ்விட்ச்சோட சின்ன கரண்ட்டால லைட்டுக்குப் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடுற சாதனம்) ரெண்டு வாங்கி, பியூஸோட மாட்டுங்க. ரிலே இல்லாம 100/90 வாட் பல்பு மட்டும் போட்டுடாதீங்க, பழைய ஸ்விட்ச் உருகிடும்.